பிடிமண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வேளார் குடும்பத்தில் பிறந்தவன். இப்போது சென்னையில் கணினித் துறையில் வேலை பார்க்கிறேன். என் தந்தை சென்ற தை மாதம் காலமானார். பானை வனைந்து எங்களைப் படிக்கவைத்தவர். ஊர் அய்யனார் கோயிலின் பூசாரியும் அவர்தான். ஊரார் அய்யனாருக்கு மண்குதிரைகளைச் சுமந்துசெல்லும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கான குதிரைகளை அவரே செய்வார், அவரே அவற்றுக்குத் தீபம் காட்டுவார். ஆனால் வீட்டில் அவர் சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. தான் மிதித்துக் குழைத்த மண்ணைத் தானே எப்படி வணங்க முடிகிறது என்று ஒருமுறை கேட்டேன். "மண்ணை யாருடா கும்பிட்டா?" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருந்ததா என்ற கேள்வி என்னை விடவில்லை. அவர் நினைவாகக் கோயில் வாசலில் பெரிய சிமெண்ட் குதிரை ஒன்றை நிறுத்த நானும் அண்ணனும் எண்ணியிருக்கிறோம். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெயரைத் தவிர்த்திருக்கிறேன். உங்கள் கேள்விக்கு உங்கள் தந்தையே விடை சொல்லிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் சொன்ன வேகத்தில் அது தட்டிக்கழித்ததுபோல உங்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

இளவயதில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வேளார் வீட்டுத் திண்ணையில் சில நாட்கள் உட்கார்ந்து குதிரை உருவாவதைப் பார்த்திருக்கிறேன். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்து, முதலில் நான்கு கால்களையும் உள்ளே கூடான குழாய்களாக எழுப்பி, அவை சுமை தாங்கும் அளவுக்கு இறுகியபின், வயிற்றை அவற்றின்மேல் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே ஒரு கையை அணைகொடுத்து வெளியே மரப்பலகையால் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் வயிறு சரிந்துவிடும். அந்தப் பெரியவர் சரியவிருந்த காலொன்றுக்குத் தன் முழங்காலை முட்டுக்கொடுத்தபடி குதிரையை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டிருந்தார். தன் பீடிக்கட்டை அதன் முதுகின் மேல்தான் வைத்திருந்தார்.

சில வாரங்கள் கழித்து அதே குதிரை சூளையில் வெந்து, வண்ணம் பூசி, மாலையோடு புரவிப்பொட்டலில் நின்றது. பெரியவர் குளித்து ஈரவேட்டியோடு வந்து கருவிழியை எழுதினார். எழுதி முடித்ததும் அதன் பார்வைக்கு நேராக நிற்காமல் சட்டென்று பக்கவாட்டில் விலகிக்கொண்டார். ஊர்க்காரர்கள் குதிரையைத் தோளில் ஏற்றும்போது எல்லாரும் எட்டி எட்டித் தொட்டார்கள், அவர் தொடவில்லை. அந்த மண் எந்த நொடிவரை மண், எந்த நொடியிலிருந்து மண் இல்லை என்பதை அவ்வளவு துல்லியமாக அறிந்தவர் அந்தக் கூட்டத்தில் வேறு எவரும் இருந்திருக்க மாட்டார். "மண்ணை யாருடா கும்பிட்டா?" என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

வீட்டில் அவர் கும்பிட்டுப் பார்த்ததில்லை என்கிறீர்கள். ஊர்ப் பெரியவர்கள் பிடிமண் கொடுத்த நாளிலிருந்து குதிரைகள் கோயில் போய்ச் சேரும் நாள்வரை அவர் எப்படி இருந்தார் என்பதை உங்கள் தாயாரிடம் கேட்டுப் பாருங்கள். (பிற மாவட்ட வாசகர்களுக்காக: குதிரை செய்யச் சொல்லி ஊர் சார்பில் வேளாரிடம் கொடுக்கும் ஒரு கைப்பிடி மண்தான் இங்கே பிடிமண். குலதெய்வக் கோயிலை வேறு ஊரில் நிறுவ எடுத்துப் போகும் பிடிமண் வேறு.) அதை வாங்கியதும் விரதம் தொடங்கிவிடும். அந்த நாட்களில் அவர் செய்த வேலையைத் தவிர வழிபாடு என்று தனியாக ஒன்று அவருக்குத் தேவைப்பட்டிருக்காது.

ஆனால் இதை வைத்து அவர் வாழ்க்கைக்கு முலாம் பூசிவிடவும் கூடாது. திருவிழா அன்று அவர் கையால் திருநீறு வாங்கிய அதே ஊரில், கண்மாயில் நாலு வண்டி மண் எடுக்க அவர் பலரிடம் போய் நின்றிருப்பார். சில்வரும் பிளாஸ்டிக்கும் அடுப்படிக்கு வந்தபின் பானைக்கு இருந்த தேவை பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் கொள்ளிக்குடத்துக்கும் என்று சுருங்கிவிட்டது. உங்களை அவர் சக்கரத்தில் உட்கார விடாமல் பள்ளிக்கு அனுப்பியதும் தெரிந்தே எடுத்த முடிவாகத்தான் இருக்கும்.

சிமெண்ட் குதிரை எனக்கு உவப்பாக இல்லை. கட்டி எழுப்பிய குதிரைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனாருக்கு முன்னால் நிற்கும் 33 அடிக் குதிரையை, மாசிமகத்தன்று அதன் உடல் தெரியாதபடி காகிதப்பூ மாலைகள் குவிந்திருக்கையில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் தந்தை செய்தவை வேறு வகை. கோயிலில் கொண்டுபோய் நிறுத்தியபின் அவற்றைப் பழுதுபார்ப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் காது உதிரும், கால் விரியும், கடைசியில் மரத்தடி மண்ணோடு கலந்துவிடும். உடைந்து கிடக்கும் தன் குதிரையைப் பார்த்து அவர் வருந்தியதாக உங்களுக்கு நினைவிருக்கிறதா? அடுத்த பிடிமண் வரும்போது அடுத்த குதிரை, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் பெயரால் அழியாத ஒன்றை நிறுத்துவது அவர் தொழிலுக்கு எதிர்த்திசையில் போவதாக எனக்குப் படுகிறது. மாறாக, அடுத்த புரவி எடுப்பில் இன்னும் இந்த வேலையைச் செய்யும் ஒரு வேளாரிடம் உங்கள் குடும்பத்து நேர்த்திக்கடனாக ஒரு குதிரை சொல்லுங்கள். பேரம் பேசாதீர்கள். அதன்மேல் அப்பா பெயரை எழுத வேண்டாம் என்பது என் எண்ணம். அண்ணனோடு பேசி நீங்கள் முடிவெடுங்கள்.

இன்னொன்று. குதிரையின் வெளிப்புறத்தைத்தான் வழவழப்பாகத் தேய்ப்பார்கள். உட்புறத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் அப்படியே விட்டுவிடுவார்கள். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது உங்கள் தந்தை செய்தவற்றில் வயிறு உடைந்து கிடக்கும் ஒன்றைத் தேடி உள்ளே பாருங்கள். அணைகொடுத்த கையின் விரல்தடங்கள் சுட்ட மண்ணில் வரிசையாக இருக்கும். பாம்பு அடையும் இடம், குச்சியால் தட்டிவிட்டுக் கையை வையுங்கள்.