அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை உதைக்க மட்டும் ஒரு ஆளா? அப்படி என்ன பெரிய வேலை அது?

பாஸ்டனுக்கு வேலைக்கு வந்த புதிதில் இதையேதான் நானும் கேட்டேன். டிவியில் மேட்ச். இரண்டு மணி நேரமாக ஓரமாக நின்றுகொண்டிருந்தவர் உள்ளே வந்தார், ஒரு உதை விட்டார், போய்விட்டார். "இதுக்கெல்லாம் சம்பளமா?" என்றேன். ஆபீஸ் நண்பர் முறைத்தார் பாருங்கள்!

அந்த ஒரு உதைக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவர் குனிந்து கால் இடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் எறிவார். ஏழெட்டு யார்டு தள்ளி மண்டியிட்டிருக்கும் ஹோல்டர் அதைப் பிடித்து, தரையில் நிறுத்தி, லேஸ் (பந்தின் மேல் இருக்கும் தையல் கயிறு) கோல் கம்பத்தைப் பார்க்கும்படி திருப்பி வைக்க வேண்டும். லேஸ் கிக்கர் பக்கம் இருந்தால் பந்து கோணிக்கொண்டு போகலாம். எறிவதிலிருந்து உதைப்பது வரை சுமார் 1.3 நொடிதான். கம்பங்களுக்கு நடுவே பதினெட்டரை அடி இடைவெளி. உள்ளே போனால் 3 புள்ளி.

ஆடம் வினாட்டியேரி என்ற கிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், அவரை யாரும் சீந்தவில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு அணிக்கு ஆடிவிட்டு, அதே வருடம் எங்கள் பாஸ்டன் பக்கத்து அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸில் சேர்ந்தார். 24 சீசன் ஆடி 2,673 புள்ளிகள் எடுத்தார். இத்தனைக்கும் பாதி ஆட்டக்காரர்கள் முப்பது வயதுக்குள் மூட்டை கட்டும் விளையாட்டு இது.

எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் பேசுவது 2002 ஜனவரி 19 ராத்திரியைத்தான். கொட்டுகிற பனி. ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை, மூன்று புள்ளி பின்தங்கல், தூரம் 45 யார்டு. வேகமாக ஓடி வந்தால் சறுக்கும். குறுகக் குறுக அடி வைத்துப் போய் உதைத்தார். பந்து தாழ்வாகவே பறந்து குறுக்குக் கம்பியைத் தாண்டியது. கூடுதல் நேரத்தில் வென்றதும் அவர் காலால்தான். இரண்டு வாரம் கழித்து சூப்பர் பவுலில், அதாவது சீசனின் இறுதிப்போட்டியில், கடைசி நொடியில் 48 யார்டு. அதுவும் உள்ளே.

பஃபலோ அணியின் கிக்கர் ஸ்காட் நார்வுட்டுக்கு 1991 சூப்பர் பவுலில் கிடைத்தது 47 யார்டு. ஒரு யார்டு குறைவு! 8 நொடி மிச்சம். பந்து வலது பக்கம் விலகிப்போய், பஃபலோ 20-19 என்று தோற்றது. அடுத்த சீசனோடு அவர் ஆட்டமும் முடிந்தது. ஊர் திரும்பியபோது திரண்டிருந்த ரசிகர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு மேடைக்கு வரவழைத்தார்கள். எனக்கு அந்த ஊர் மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

வினாட்டியேரிக்கும் கடைசி வருடம் கசந்தது. 2019 நவம்பர், பிட்ஸ்பர்க். அப்போது இண்டியானாபொலிஸ் அணியில் இருந்தார், வயது 46. ஒன்றேகால் நிமிடம் பாக்கி, 43 யார்டு, இரண்டே புள்ளி பின்தங்கல். பந்து இடது பக்கம் போனது. ரீப்ளேயில் பார்த்தால் லேஸ் அவர் பக்கம் திரும்பியிருந்தது. ஸ்கோரில் அது ஹோல்டர் கணக்கில் ஏறவில்லை.