வாசகர் கேள்வி-பதில்: சென்னை டு நியூயார்க், நடுவில் இறங்காமல்

கேள்வி: மீனம்பாக்கத்தில் நிற்கும் சின்ன ஜெட்களில் ஏதாவது ஒன்று, எங்கும் இறங்காமல் நியூயார்க் வரை போகுமா? (வாசகர், பழவந்தாங்கல்)

பதில்: பெரும்பாலானவை போகாது. நீண்டதூர ரகத்தில் சில போகும், அதுவும் நிபந்தனைகளோடு.

சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு மிகக் குறுகிய வழியே ஏறத்தாழ 13,480 கி.மீ. கல்ஃப்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ஜி650 ஜெட் போகக்கூடிய தூரம் 7,000 கடல் மைல், அதாவது 12,964 கி.மீ. எட்டாது. அதே விமானத்தின் ஜி650இஆர் வகைக்கு 7,500 கடல் மைல், 13,890 கி.மீ. கணக்குப்படி எட்டிவிடும், கையில் மிஞ்சுவது 410 கி.மீ. பாம்பார்டியர் குளோபல் 7500-க்கு 7,700 கடல் மைல் என்பதால் இன்னும் கொஞ்சம் மூச்சுவிடலாம்.

விளம்பரக் கையேட்டில் அச்சிடும் இந்தத் தூரம் எதை வைத்துப் போடப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 8 பயணிகள், மாக் 0.85 வேகம் (ஒலியின் வேகத்தில் 85 சதவீதம்), எதிர்காற்றே இல்லாத வானம். சேருமிடத்தில் இறங்க முடியாவிட்டால் வேறு விமான நிலையம் போவதற்கான எரிபொருள் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும். இதில் ஒன்று மாறினாலும் தூரம் குறையும். ஜி650இஆரை மாக் 0.90-இல் ஓட்டினால் 6,400 கடல் மைல்தான். வேகம் 6 சதவீதம்கூடக் கூடவில்லை, தூரத்தில் 2,000 கி.மீ. போய்விடுகிறது!

அடுத்து, வழி. நேர்ப்பாதை சென்னையிலிருந்து வடமேற்காக ஏறி பாகிஸ்தான், மத்திய ஆசியா, ரஷ்யா, ஆர்க்டிக் என்று போகும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவான விமானங்களுக்கு ரஷ்யா 2022-இலேயே மூடிவிட்டது. சுற்றிப் போனால் அந்த 410 கி.மீ. அதிலேயே தீர்ந்துபோகும். லண்டன் வரை 8,230 கி.மீ. தான், அங்கே இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு கிளம்புவதே எங்கள் பார்வையில் சரியான திட்டம்.

கேள்வி: ஜி650இஆரின் கூடுதல் தூரத்துக்குப் பெரிய டேங்க் வைத்தார்களா? (வாசகி, அடையாறு)

பதில்: இல்லை. ஜி650-இன் இறக்கை டேங்க்கிலேயே இடம் மிச்சம் இருந்தது. 2014-இல் அறிவித்த இஆரில் அந்த இடத்தைப் பயன்படுத்தி 1,814 கிலோ எரிபொருள் சேர்த்தார்கள். புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச எடையும் அதே அளவு கூடி 46,992 கிலோ ஆனது. ஏற்கெனவே ஜி650 வைத்திருப்பவர்களும் இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

விமானம் வாங்குபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்: டேங்க்கை முழுக்க நிரப்பினால் ஆட்களுக்கும் பெட்டிகளுக்கும் மிஞ்சுவது சுமார் 800 கிலோ. ஆளுக்குப் பெட்டியோடு 100 கிலோ என்றால் 8 பேர். 19 இருக்கை வரை போடலாம் என்பது வேறு கணக்கு. 14 பேர் ஏறினால் 600 கிலோ எரிபொருளைக் குறைத்தாக வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 1,350 கிலோ எரிப்பதால், 400 கி.மீ.க்குக் குறையாமல் இழப்பு.

கேள்வி: சோதனை ஓட்டத்தில் ஒரு ஜி650 விழுந்ததாமே, என்ன கோளாறு? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: 2011 ஏப்ரல் 2 அன்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராஸ்வெல் விமான நிலையத்தில் நடந்தது. ஒரு இன்ஜின் நின்றுபோனால் எப்படி மேலெழும் என்று பார்க்கும் சோதனை. ரன்வேயை விட்டு எழும்பிய உடனே வலது இறக்கை தூக்குவிசையை இழந்து, அதன் நுனி தரையில் உரசியது. உள்ளே இருந்த 4 பேரும் இறந்தார்கள்.

விமானத்தில் எதுவும் உடையவில்லை, தப்பு கணக்கில் இருந்தது. மூக்கை ஓரளவுக்கு மேல் தூக்கினால் எந்த இறக்கையும் தூக்குவிசையை இழக்கும். தரையை ஒட்டிப் பறக்கும்போது அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். எவ்வளவு சீக்கிரம் என்பதை நிறுவனம் குறைத்து மதிப்பிட்டிருந்தது. அதனால் எச்சரிக்கைக் கருவி மிகத் தாமதமாக அதிரும்படி அமைந்தது. எட்ட வேண்டிய புறப்பாட்டு வேகமும் குறைவாக வைக்கப்பட்டது. அந்தக் குறைந்த வேகத்தை மீறிவிடாமல் இருக்க விமானிகள் மூக்கை இன்னும் தூக்கத்தான் வழியிருந்தது. இதற்கு முன் இரண்டு சோதனைகளிலும் வலது இறக்கை இதேபோல் சரிந்திருக்கிறது. அப்போதே நிறுத்தி ஆராய்ந்திருந்தால் நான்கு உயிர்கள் பிழைத்திருக்கும்.

கேள்வி: அக்னி நட்சத்திர வெயிலில் சென்னை ரன்வே போதுமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: தாராளமாக. முழு எடையில், கடல் மட்டத்தில், 15 டிகிரியில் ஜி650இஆருக்கு 1,920 மீட்டர் தேவை. 38 டிகிரியில் காற்று அடர்த்தி குறைந்து ஓட்டம் நீளும். ஆனாலும் மீனம்பாக்கத்தின் பிரதான ரன்வே 3,600 மீட்டருக்கு மேல்.

கேள்வி: துருவத்தை ஒட்டிப் போனால் எரிபொருள் உறையாதா? (வாசகி, நங்கநல்லூர்)

பதில்: உறையும் அபாயம் உண்டு. சென்னையில் நிரப்பும் ஜெட் ஏ-1 உறைவது மைனஸ் 47 டிகிரியில். அமெரிக்காவில் பொதுவாகக் கிடைக்கும் ஜெட் ஏ மைனஸ் 40-லேயே உறையத் தொடங்கும். வெளியே மைனஸ் 65 இருந்தாலும், மாக் 0.85-இல் மோதும் காற்று அழுந்திச் சூடாவதால் இறக்கை உணர்வது ஏறத்தாழ மைனஸ் 35. வெளியே மைனஸ் 75 என்றால் அது மைனஸ் 46 ஆகிவிடும். மணிக்கணக்கில் பறக்கும்போது டேங்க்கில் உள்ளதும் மெல்ல அதை நோக்கி இறங்கும். வேகத்தை மாக் 0.01 கூட்டினால் ஒரு டிகிரிகூட ஏறாது. கொஞ்சம் கீழே இறங்கி வெதுவெதுப்பான காற்றைத் தேடுவதே பலன் தரும், அதற்கு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். ஆகவே அமெரிக்காவில் ஜெட் ஏ நிரப்பித் திரும்பி வரும் பயணத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். டேங்க்கில் இரண்டும் கலந்திருந்தால், அளந்து பார்க்காதவரை மைனஸ் 40 என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.