சிரட்டைக் கரியில் சுப்பர்கப்பாசிற்றர்: பரப்பை மட்டும் துரத்தாதீர்கள்

கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர் கேட்கிறார்: "கரியின் பரப்பில் அயன்களை ஒட்டவைத்து மின்னைச் சேமிக்கும் சுப்பர்கப்பாசிற்றர் ஒன்றைச் செய்ய, சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, அரைத்து, அலுமினியத் தாளில் பூசி, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் வைத்தேன். சார்ஜ் ஏறுகிறது, ஆனால் எல்இடி எரியவில்லை, தாளில் குமிழ் வேறு வருகிறது. கரியின் பரப்பைக் கூட்டினால் சரிவருமா?"

தம்பி, முதலில் அந்த அலுமினியத் தாளை எடுத்துவிடுங்கள். காரம் அலுமினியத்தை அரிக்கும், நீங்கள் பார்த்த குமிழ் ஐதரசன் வாயு, அதனால் சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டவே வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். தாள் அரிபட அரிபட கரிக்கும் அதற்கும் இடையிலான தொடுகை கெட்டு உள்தடை ஏறும், பிறகு எவ்வளவு நல்ல கரி போட்டாலும் பயனில்லை. கிராபைட் தாள் பாவியுங்கள். கம்பனிகள் அலுமினியம்தானே பாவிக்கின்றன என்பீர்கள், அவர்களுடையது தண்ணீர் துளியும் இல்லாத சேதனக் கரைசல்.

எல்இடி ஏன் எரியவில்லை? சிவப்பு எல்இடிக்கே 1.8 வோல்ற்றளவில் வேண்டும். தண்ணீரோ 1.23 வோல்ற்றைத் தாண்டினால் பிரியக்கூடியது, அதனால் உங்கள் கலத்தை 1 வோல்ற்றோடு நிறுத்துவதுதான் பத்திரம். மூன்று கலங்களைத் தொடராக இணைத்துப் பாருங்கள், எரியும். மொத்தக் கொள்ளளவம், அதாவது ஒரு வோல்ற்றுக்குச் சேமிக்கும் மின்னேற்றத்தின் அளவு, மூன்றில் ஒன்றாகும் என்பது நினைவிருக்கட்டும்.

சரி, இனி கரி. சும்மா சுட்ட கரியில் துளைகள் குறைவு. அதைக் கிளர்வூட்டினால்தான், அதாவது அதிக வெப்பத்தில் அரித்து நுண்துளைகளை உண்டாக்கினால்தான், ஒரு கிராமுக்கு 1000 முதல் 3000 சதுர மீற்றர் வரை பரப்புக் கிடைக்கும். ஆனால் 800 பாகை செல்சியசில், நைதரசன் ஓட்டத்தில், காரத்தோடு செய்யும் அந்த வேலையை வீட்டில் தொடவே கூடாது. தண்ணீர் வடிகட்டிக்கு விற்கும் சிரட்டைக் கிளர்கரியை வாங்கி நைசாக அரையுங்கள், நம் நாட்டிலேயே தாராளமாகச் செய்கிறார்கள். ஜப்பானின் குராரே கம்பனி சுப்பர்கப்பாசிற்றருக்கென்றே விற்கும் கரியும் சிரட்டையில் செய்வதுதான்.

பரப்பு மட்டும் போதாது என்று நான் அடித்துச் சொல்லக் காரணம், அயன் நுழைய முடியாத துளையின் பரப்பு கணக்கில் மட்டுமே இருக்கும். 2006இல் விஞ்ஞானிகள் கொகோட்சி, சிமோன் குழுவினர் காட்டியது இன்னும் சுவையானது: 1 நனோமீற்றருக்கும் சிறிய துளைக்குள் அயன் தன்னைச் சுற்றியுள்ள கரைப்பான் மூலக்கூறுகளில் சிலதைக் கழற்றிவிட்டு நுழைகிறது, கரிச்சுவருக்கு இன்னும் நெருங்குகிறது, கொள்ளளவம் கூடுகிறது. அப்படியென்றால் எல்லாமே சின்னத் துளையாக இருக்கலாமே? முடியாது. காலி நகருக்குப் போகும் பெருந்தெருவான காலி வீதி இல்லாமல் வெறும் ஒழுங்கைகள் மட்டும் இருந்தால் வெள்ளவத்தை என்ன பாடுபடும்? அதுபோல 2 முதல் 50 நனோமீற்றர் வரையான இடைத்துளைகள் இல்லையென்றால் வேகமாக சார்ஜ் ஏற்றும்போது அயன்கள் உள்ளே போய்ச் சேராது.

பூச்சுக்கு நிறைப்படி 80 பங்கு கிளர்கரி, 10 பங்கு கார்பன் கறுப்பு, 10 பங்கு பிணைப்பான் (தூளை ஒட்டிப் பிடிக்கும் பசை). கார்பன் கறுப்பை விட்டுவிடாதீர்கள், துணிக்கைக்குத் துணிக்கை மின் கடத்துவது அதுதான்.

என்னைக் கேட்டால், பெரிய இலாபம் வோல்ற்றளவில்தான் இருக்கிறது. சக்தி ½CV² (C கொள்ளளவம், V வோல்ற்றளவு), வோல்ற்றளவு வர்க்கமாக வருகிறது. காரத்துக்குப் பதில் சோடியம் சல்பேற்றுக் கரைசலில் நல்ல கரியோடு 1.6 வோல்ற்று வரை போகலாம், கொள்ளளவம் கொஞ்சம் குறைந்தாலும் சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 2.7 வோல்ற்று தரும் சேதனக் கரைசல்கள் நஞ்சு, ஈரமும் ஆகாது. கொழும்புக் காற்றில் அதை வீட்டில் செய்ய நினைக்காதீர்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஆய்வுக் கட்டுரைகளில் வரும் "கிராமுக்கு 250 பரட்" (பரட் கொள்ளளவத்தின் அலகு) பெரும்பாலும் ஒற்றை மின்வாய்க்கானது. கலத்தில் இரண்டு மின்வாயும் தொடராக இருப்பதால் கொள்ளளவம் பாதியாகும், இரண்டின் கரி நிறையையும் சேர்த்துப் பார்த்தால் கலத்துக்கு அதில் கால்வாசிதான், உங்களுக்கு 60க்குக் கிட்ட வந்தாலே நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.