ஆயில் ரிக் பைப் லோடு ஃபவுண்ட்ரி கேட்டுல திரும்பி வந்துடுச்சு, பணம் கிடைக்குமா?

கேள்வி: சேலத்துல பழைய இரும்பு யாவாரம் பண்றேன். குஜராத்துல கப்பல் உடைக்கிற அலங்ல உடைச்ச ஆயில் ரிக் பைப்னு புரோக்கர் மூலமா ஒரு லோடு வாங்குனேன், அஞ்சு லட்சத்துக்கு மேல கொடுத்தாச்சு. "ஹாங்காங் சட்டப்படி உடைச்சது, சர்டிபிகேட் இருக்கு"ன்னாங்க. ஃபவுண்ட்ரிக்கு அனுப்புனா கேட்டுலயே ரேடியேஷன் மீட்டர் அடிச்சு லாரிய திருப்பிட்டாங்க. வித்தவரு போனே எடுக்கல. என் மேல கேஸ் வருமாங்க?

பதில்: அண்ணே, பணத்தை அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல அந்த பைப்புல யாரும் கேஸ் கட்டிங் வைக்கக்கூடாது, கிரைண்டர் போடக்கூடாது, குறைஞ்ச விலைக்கு வேற ஆள் தலைல கட்டிடலாம்னு நினைக்கவே கூடாது. தனியா ஒரு மூலைல வச்சு கயிறு கட்டிடுங்க, பசங்களை கிட்ட விடாதீங்க. பைப் உள்ள வெள்ளையா காரை மாதிரி ஒட்டியிருக்கான்னு டார்ச் அடிச்சு தூரத்துல நின்னு பாருங்க, சுரண்டிப் பாக்காதீங்க. கடலுக்கடியில எண்ணெயோட சேந்து வர்ற தண்ணில ரேடியம்ங்கிற கதிரியக்கப் பொருள் இருக்கும், அது பேரியம் உப்போட சேந்து வருஷக்கணக்கா பைப்புக்குள்ள படிஞ்சுடும். ரேடியம்-226 பாதியா குறையவே 1600 வருஷம் ஆகும். பக்கத்துல நின்னா உடனே ஒண்ணும் ஆகிடாது, ஆனா வெட்டும்போது கிளம்புற தூசி மூச்சுல போறதுதான் ஆபத்து. 2010ல டெல்லி மாயாபுரி ஸ்க்ராப் மார்க்கெட்ல ஒரு உயிரே போச்சே, அது கோபால்ட்-60ங்கிற வேற கதிரியக்கப் பொருள், இதைவிட பல மடங்கு வீரியம், ஆனாலும் தெரியாம வெட்டுனதுதான் அங்கயும் நடந்துச்சு.

இன்னைக்கே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு, அதான் ஏஇஆர்பி, மெயில் போடுங்க, சென்னைலயும் அவங்க ஆபீஸ் இருக்கு. நீங்களா முன்வந்து சொன்னீங்கன்னா உங்க மேல கேஸ் வர்ற வாய்ப்பு ரொம்பக் கம்மி, தெரிஞ்சும் மறைச்சு வித்தாத்தான் மாட்டுவீங்க.

இப்ப அந்த ஹாங்காங் சர்டிபிகேட். கப்பலைப் பாதுகாப்பா உடைக்கிறதுக்காக 2009ல நாடுகள் போட்ட ஒப்பந்தம், இந்தியா 2019ல சேந்துச்சு, உலக அளவுல 2025 ஜூன் 26லதான் அமலுக்கு வந்துச்சு. ரிக்னா நம்ம திருச்செங்கோடு போர் லாரி இல்ல, கடல்ல காலூன்றி நிக்கிற ஜாக்-அப், மிதக்குற எண்ணெய்க் கப்பல், இதெல்லாம் அந்த ஒப்பந்தத்துல 'கப்பல்'தான். ஆனா கடல் தரைல அடிச்சு நிறுத்துன நிலையான பிளாட்ஃபார்ம் அதுல வராது. அதுக்கு 1982 கடல் சட்ட ஒப்பந்தம் 60வது பிரிவும், 75 மீட்டருக்கும் குறைஞ்ச ஆழத்துல 4000 டன்னுக்கும் குறைவா இருந்தா முழுசா எடுக்கணும்ங்கிற 1989 ஐஎம்ஓ (சர்வதேச கடல்சார் அமைப்பு) தீர்மானமும்தான். அது கடலை விட்டு எடுன்னு சொல்லுது, எடுத்த இரும்பு எங்க போகுதுன்னு கேக்கறதில்ல. அதனால உங்க பைப் எந்த வகைல இருந்து வந்துச்சுன்னு முதல்ல கேளுங்க. ஜாக்-அப்போ மிதக்குற வகையோன்னா ஆபத்தான பொருள் பட்டியல்னு ஒண்ணு கண்டிப்பா இருக்கணும், கதிரியக்கப் பொருளும் அதுல வரக்கூடியதுதான். அதோட காப்பி தரமாட்டேன்னா அதுவே உங்களுக்கு சாதகம். எனக்கு இதுல ரொம்ப வருத்தம் என்னன்னா, அந்த சர்டிபிகேட் யார்டு கேட்டோட முடிஞ்சுடுது, இரும்பு சேலம் வரைக்கும் வந்துடுது.

பணத்துக்கு வருவோம். 1930 சரக்கு விற்பனைச் சட்டம் 16வது பிரிவுப்படி சரக்கு விக்கத்தக்க தரத்துல இருக்கணும். "பாத்துத்தானே வாங்குனீங்க"ம்பாங்க, ரேடியம் கண்ணுக்குத் தெரியாதுங்க, சாதாரணமா பாத்தா தெரியுற குறைக்குத்தான் அந்த வாதம் செல்லும். ஆனா நாள் கடத்தாதீங்க, சரக்கு வேணாம்னு எழுத்துல சொல்லிடுங்க, சொல்லாம வச்சிருந்தா ஏத்துக்கிட்டதா ஆகிடும். ஃபவுண்ட்ரிக்கு அனுப்புனதையே ஏத்துக்கிட்ட மாதிரின்னு வாதாடுவாங்க, அப்படியே ஆனாலும் 59வது பிரிவுல நஷ்டஈடு கேக்கலாம். திருப்பி அனுப்புற செலவும் உங்களுது இல்ல, வேணாம்னு சொன்னாலே போதும்னு 43வது பிரிவு இருக்கு, அதுவும் இந்த லோடை நீங்களா ரோட்டுல ஏத்தவே கூடாது, ஏஇஆர்பி சொன்னப்புறம்தான்.

கன்ஸ்யூமர் கோர்ட் வேலைக்கு ஆகாது, யாவாரத்துக்கு வாங்குனது. மூணு லட்சத்துக்கு மேலங்கறதால வணிக வழக்கு, அவசரத் தடை எதுவும் கேக்கலன்னா மொதல்ல சமரசத்துக்குப் போயே ஆகணும். சரக்கு இங்க டெலிவரி ஆனதால அலங் போக வேண்டியதில்ல, சேலத்துலயே போடலாம். மூணு வருஷம் டைம் இருக்கு.

ஃபவுண்ட்ரி கேட்டுல எடுத்த மீட்டர் ரீடிங்க எழுத்துல கேட்டு வாங்குங்க, அவங்க சீல் போட்டு. அது, பில், ஈ-வே பில், புரோக்கரோட வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காம எடுத்துட்டு வாங்க, நோட்டீஸ் இந்த வாரமே அனுப்பிடலாம்.