வகுப்பும் புரியவில்லை, என்ன எதிர்பார்க்கிறார்கள் என்றும் தெரியவில்லை. என்ன செய்வது?

மார்த்தாண்டம் பக்கம் பி.எஸ்சி. படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நாகர்கோவிலில் நானும் ஒரு செமஸ்டர் முழுக்க இப்படித் தவித்தவள்.

உங்கள் கல்லூரி தன்னாட்சி இல்லையென்றால், செமஸ்டர் வினாத்தாள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். வகுப்பெடுப்பவர் கையில் அது இல்லை. அதனால் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, பழைய வினாத்தாள்களை அலகு வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எனக்கு வழி காட்டியது அதுதான். பாடம் புரிய, ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்பிடெல் (NPTEL) இணையப் பாடக் காணொளிகள் இலவசம்.

இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில். "புரியல சார்" என்று சொன்னால் பதில் வராது. "இந்த அசைன்மென்டில் எதற்கு எவ்வளவு மார்க் சார்?" என்று கேளுங்கள், சொல்வார்.

அப்புறமும் சரியாகவில்லையா? நாலைந்து பேர் சேர்ந்து துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். அங்கும் தீராவிட்டால் மேலே போகலாம்: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிமுறைப்படி மாணவர் குறைதீர்க் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும். பயப்படாதீர்கள்.