கிரேஸ் ஹாப்பர் மாநாட்டுக்குப் போகலாமா என்று கேட்ட தங்கைக்கு

கணினி அறிவியலில் முதுகலை படிக்க அமெரிக்கா வந்து சில மாதங்களே ஆகின்றன, எந்தப் பக்கம் போவது என்று தெளிவில்லை, கணினித் துறைப் பெண்களுக்காக ஆண்டுதோறும் நடக்கும் கிரேஸ் ஹாப்பர் மாநாட்டுக்குப் போனால் ஊக்கம் பிறக்கும் என்கிறார்கள், போகலாமா, என்ன உடுத்துவது, டிக்கெட் விலைக்கு என்ன செய்வது, யாரிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று அழைத்துவிட்டதால் நீ என்றே எழுதுகிறேன்.

உடையைப் பற்றிக் கவலைப்படாதே. நாள் முழுக்க நடக்கத் தாங்கும் காலணி, குளிர்சாதனத்தைத் தாங்கும் ஒரு மேலங்கி, அவ்வளவுதான். டிக்கெட்டை உன் கைக்காசில் வாங்காதே. மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. பல கல்லூரித் துறைகளும் செலவை ஏற்று அனுப்புகின்றன. விண்ணப்பம் மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும், ஆகையால் துறை அலுவலகத்தில் இப்போதே விசாரி. இனி எனக்குப் பேச வேண்டியிருப்பது அந்த ஊக்கத்தைப் பற்றி.

மேடையிலிருந்து அது வரும் என்று நம்பிப் போகாதே. பெரிய நிறுவனத்தின் துணைத் தலைவர் வருவார், ஒருமுறை தோற்றதையும் பிறகு வென்றதையும் சொல்வார், ஆயிரக்கணக்கானோர் கைதட்டுவார்கள். அந்தப் பேச்சில் விசா என்ற சொல் வராது. வேலை போனால் எத்தனை நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்ற கணக்கு வராது. நம்மைப் போன்றவர்களின் வாழ்க்கைத் தொழிலைத் தீர்மானிப்பதே அந்தக் கணக்குதான் என்பது மேடைக்குத் தெரியாது, அல்லது தெரிந்தாலும் சொல்லாது. கணினி அறிவியலாளர்களான அனிதா போர்க்கும் டெல் விட்னியும் 1994இல் வாஷிங்டனில் இந்த மாநாட்டைத் தொடங்கியபோது வந்தவர்கள் சுமார் 500 பேர். ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்ளும் அளவிலான கூட்டம் அது. இன்றைக்கு அந்த மாநாட்டில் எனக்குப் பிடித்த இடம், அந்தப் பழைய அளவு இன்னும் மிச்சமிருக்கும் சிறு அறைகளும் சாப்பாட்டு மேசைகளும்தான்.

மேடையைப் பற்றி நான் இவ்வளவு சலித்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது. 2014இல் பீனிக்ஸ் நகரில் நடந்த மாநாட்டில், சம்பள உயர்வு கேட்கத் தயங்கும் பெண்களுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளாவிடம் கேட்டார்கள். கேட்பது முக்கியமில்லை, அமைப்பு தானாகவே உரியதைக் கொடுக்கும் என்று நம்புங்கள், கேட்காமலிருப்பது நல்ல கர்மம் என்ற பொருளில் பதில் சொன்னார். பேட்டி கண்டவர் மரியா க்ளாவி, ஹார்வி மட் கல்லூரியின் அன்றைய தலைவர். அவர் அங்கேயே மறுத்து, தான் கேட்காமல் இருந்து குறைந்த சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்த கதையைச் சொன்னார். கைதட்டல் அவருக்குத்தான் விழுந்தது. அன்றே நாதெள்ளாவும் தன் பதில் தவறு என்று ஊழியர்களுக்கு எழுதினார். பேசியது நம் நாட்டிலிருந்து வந்த ஒருவர் என்பதுதான் எனக்கு உறுத்தியது. வாயை மூடிக்கொண்டு உழைத்தால் மேலே இருப்பவர்கள் பார்த்துச் செய்வார்கள் என்ற பாடத்தை நாம் பெட்டியோடு கொண்டுவந்து இறங்குகிறோம். இந்த நாட்டில் அது செல்லாது.

அதனால் அங்கே போனால் ஊக்கத்தைத் தேடாதே, தகவலைத் தேடு. உனக்கு நான்கைந்து ஆண்டுகள் முன்னால் இருப்பவளைக் கண்டுபிடித்துக் கேள்: காலையில் வேலைக்குப் போனதும் முதலில் என்ன செய்கிறாய், எந்தப் பகுதி அலுப்பாக இருக்கிறது, இந்தக் குழுவுக்கு எப்படி மாறினாய், சம்பளம் எவ்வளவு. கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்படாதே. தனியார் நிறுவன ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளத்தைப் பேசிக்கொள்ளும் உரிமையை 1935ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டமே காக்கிறது; மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கொலராடோவில் 2021 முதலும் கலிபோர்னியாவில் 2023 முதலும் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். வெளிநாட்டவரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் எச்-1பி விசாவுக்காக நிறுவனங்கள் தாக்கல் செய்யும் சம்பள விவரங்களைத் தொழிலாளர் துறை பொதுவில் வெளியிடுகிறது. எந்த நிறுவனம் எந்தப் பதவிக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று போகும் முன்பே பார்த்துவிடலாம். பெரும்பாலோர் பார்ப்பதில்லை.

வேலைவாய்ப்புக் கூடத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கூட்டம் தள்ளுமுள்ளாக இருக்கும். 2023இல் ஆர்லாண்டோவில் வேலை தேடும் ஆண்கள் பெருமளவில் வந்து வரிசைகளில் முண்டியடித்தார்கள். பாகுபாட்டுத் தடைச் சட்டம் இருப்பதால் ஆண்களை உள்ளே விடமாட்டோம் என்று அமைப்பாளர்களால் சொல்ல முடியவில்லை. வந்தவர்களில் நம்மவர்களும் கணிசம். வேலையில்லாத பயம் எனக்கும் புரியும். ஆனால் பெண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனவர்களுக்காக என்னால் வாதாட முடியாது. நீ மணிக்கணக்கில் வரிசையில் நின்று ஒரு துணிப்பையும் பேனாவும் வாங்கிக்கொண்டு திரும்பாதே. நிற்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள். பிற்காலத்தில் விசாவுக்கு ஆதரவு தருவார்களா? ஊழியருக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை திட்டத்தில் நிறுவனம் பதிந்திருக்கிறதா? படிப்பு முடிந்ததும் உனக்குக் கிடைக்கும் 12 மாத வேலை அனுமதியை, உன் துறைக்கு உரிய 24 மாதம் நீட்டிக்க வேண்டுமானால் முதலாளி அதில் பதிந்திருப்பது கட்டாயம். அந்த முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கவும் கூடாது. ஆதரவு கிடையாது என்பவர்களிடம் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. சிரித்துப் பேசினால் மனம் மாறுவார்கள் என்று நின்று பொழுதைக் கழித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. உன்னோடு படிக்கும் நம் பெண்கள் கூட்டமாகப் போவார்கள், கூட்டமாகச் சாப்பிடுவார்கள், கூட்டமாகப் படமெடுத்துக்கொண்டு கூட்டமாகத் திரும்புவார்கள். அவர்களோடு அறையைப் பகிர்ந்துகொள், செலவு மிச்சம். சாப்பாட்டு மேசையில் மட்டும் தனியாகப் போய் உட்கார். முதல் ஐந்து நிமிடம் சங்கடமாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

நான் வந்த காலம் வேறு. கணவரின் விசாவைச் சார்ந்து வந்தேன். அப்படிச் சார்ந்து வருபவர்களுக்கான எச்-4 விசாவில் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது 2015இல்தான். அதற்கு முன் வந்த எங்களுக்கு, பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு ஜன்னல் வழியே பனியைப் பார்ப்பதுதான் வேலை. மாணவர் விசாவுக்கு மாறி, மறுபடி படித்து, வேலையும் வாங்கிய பிறகுதான் முதன்முதலாக ஒரு பெண்கள் மாநாட்டுக்குப் போனேன். மேடையில் பேசியவர் யார் என்றுகூட இன்று நினைவில்லை. மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்த ருமேனியாக்காரப் பெண்மணியை நன்றாக நினைவிருக்கிறது. தரவுத்தள வேலையில் தலை நரைத்தவர். என் வேலையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், மூன்றாவதாக எவ்வளவு தருகிறார்கள் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மவர் வீட்டு விருந்துகளில் கணவரின் சம்பளத்தைக் கூச்சமில்லாமல் கேட்பார்கள், என் சம்பளத்தை யாரும் கேட்டதில்லை. சொன்னேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தன் குழுவில் என் அனுபவமுள்ளவர் வாங்கும் தொகையைச் சொன்னார். பிறகு சாப்பாட்டைத் தொடர்ந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை இல்லை.

ஊர் திரும்பியதும் மேலாளரிடம் அந்தத் தொகையைக் கேட்டேன். ஒரு பகுதி உடனே வந்தது, மீதி அடுத்த வேலையில் வந்தது. அலுவலகத்தில் இருந்த இன்னொரு நம்மூர்க்காரர், எனக்கு முன்பே வந்தவர், இப்படிப் பணம் பணம் என்று அலைந்தால் இந்தியர்களுக்குக் கெட்ட பெயர் வரும் என்று காப்பி அறையில் நின்று எனக்கு அறிவுரை சொன்னார். அடுத்த ஆண்டு மதிப்பீட்டு நேரத்தில் அவரே என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, எவ்வளவு கேட்கலாம் என்று விசாரித்தார். தொகையைச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள் என்றும் சொன்னேன், அவர் சத்தமாகப் பேசுகிற ஆள்.