வாசகர் கேள்வி பதில்: பன்னெண்டடி நிலத்தில கறுத்தக்கொழும்பான்

கேள்வி: வணக்கம் அண்ணை, கிளிநொச்சியிலயிருந்து எழுதுறன். கால் ஏக்கர் காணியை மூண்டாப் பிரிச்சதில என்ர துண்டில வீடு, கிணறு, கக்கூசுக் குழி எல்லாம் போக பின்பக்கம் 12 அடிக்கு 10 அடிதான் மிச்சம். இடம்பெயர முந்தி அம்மப்பாவின்ர வளவில ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிண்டது. அதே மாதிரி ஒண்டு வைக்கோணும் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன், ஏலுமோ?

பதில்: ஏலும் தங்கச்சி. ஆனா அம்மப்பாவின்ர மரம் மாதிரி நிழல் விரிச்சு நிக்காது, அதை இப்பவே மனசில வையுங்கோ. தோட்டத்தில மாவுக்கு மரத்துக்கு மரம் 30 அடியளவு விடுறவை, உங்களிட்ட அதில பாதியும் இல்லை, அதால மரத்தின்ர உயரத்தை உங்கட கத்திதான் தீர்மானிக்கோணும். நான் திரும்பி வந்து வீடு கட்டேக்க ஆசையில ஒரு விதைக்கன்றை சுவரிலயிருந்து நாலடி தள்ளி நட்டுப்போட்டு அப்பிடியே வளர விட்டனான், ஏழாம் வருசம் கொப்பு கூரை சீற்றில உரஞ்சி காத்துக்கு இரவிரவா சத்தம் போட, முதல் பூ பூத்த வருசமே தறிக்க வேண்டி வந்தது. வெட்டின இடத்தில பால் வடிஞ்சது இன்னும் கண்ணுக்க நிக்குது.

அதால விதைக்கன்று வேண்டாம், ஒட்டுக்கன்று வாங்குங்கோ, மூண்டு நாலு வருசத்தில காய்க்கும். ஒட்டின இடத்தை விரலால தடவிப் பாருங்கோ, தோல் ரெண்டும் சேர்ந்து இறுகியிருக்கோணும், அந்த இடம் மண்ணுக்க போகக்கூடாது. அதுக்குக் கீழ வாற துளிரை எல்லாம் கிள்ளிப்போடுங்கோ, விட்டா கறுத்தக்கொழும்பான் செத்து அடிக்கண்டுதான் மரமா நிக்கும்.

கன்று வேர் பிடிச்சு நல்லா துளிர்த்தாப்பிறகு உங்கட இடுப்பளவுக்குக் கீழ, ரெண்டரை அடியில நுனியை வெட்டுங்கோ. மனசு கேக்காது, எண்டாலும் வெட்டுங்கோ. பக்கத்தால வாற துளிரில ஒவ்வொரு திசைக்கு ஒண்டா மூண்டை மட்டும் விட்டு மிச்சத்தை எடுக்கோணும், அந்த மூண்டும் ஒண்டரை அடி வளர்ந்தா அதுகளின்ர நுனியையும் வெட்டோணும், அப்பதான் மரம் மேல ஓடாம அகலிக்கும். காய்க்கத் தொடங்கினாப் பிறகு வருசா வருசம் கடைசிப் பழம் பிடுங்கின கையோட கத்தரிச்சுப் போடுங்கோ. பிந்தினா கூடாது, ஏனெண்டா மா முத்தின கொப்பின்ர நுனியிலதான் பூக்கும், மாரிக்குக் கிட்ட வெட்டினா இளந்துளிர்தான் நிக்கும், தை மாசியில பூ இராது.

நடுறது ஐப்பசி மழை தொடங்கினவுடன. மாரி முழுக்க வேர் இறங்கினாத்தான் வன்னி வெயிலைத் தாங்கும். கக்கூசுக் குழியிலயிருந்தும் கிணத்திலயிருந்தும் ஏலுமான அளவு தூரமா வையுங்கோ. மூண்டடிக் குழி வெட்டி மேல்மண்ணோட உக்கின மாட்டெரு கலந்து நிரப்பி, பொச்சுமட்டையைக் கவிட்டு அடியைச் சுத்தி மூடிவிட்டா ஈரம் நிண்டு பிடிக்கும். சோளகக் காத்து அடிக்கிற மாசங்களில கன்றுக்கு ஒரு தடி ஊண்டிக் கட்டுங்கோ.

பிள்ளையளுக்கு அதுக்கு முதலே ஏதும் பழம் குடுக்கோணும் எண்டா, 200 லீற்றர் பிளாஸ்ரிக் பரலைப் பாதியா அறுத்து அடியில துளை போட்டு, கல்லுக்கு மேல தூக்கி வைச்சு ஒரு மாதுளை நடுங்கோ. வரட்சியைத் தாங்கிற மரம், பரலுக்குள்ளயும் சந்தோசமா நிக்கும்.

கேள்வி: பரலில வைச்ச தேசிக்கன்றின்ர இலையெல்லாம் ராவோட ராவா காணாமப் போகுது, குருவி எச்சம் மட்டும் ஒட்டிக்கிடக்கு. என்ன செய்யிறது? (முல்லைத்தீவு வாசகர்)

பதில்: தம்பி, அது எச்சம் இல்லை, புழு! வண்ணாத்திப்பூச்சியின்ர குஞ்சுப் புழு எச்சம் மாதிரித்தான் கிடக்கும், வளர்ந்தா பச்சையாகிடும். ஒரு ஈக்கிலால தட்டிப் பாருங்கோ, தலையிலயிருந்து கொம்பு மாதிரி ஒண்டை நீட்டி மணக்கும். ஒரு கன்றுக்கு மருந்து அடிக்கத் தேவையில்லை, விடியப்புறம் இளம் இலையளைத் திருப்பிப் பார்த்து கையால பிடுங்குங்கோ, கடுகிலும் சின்ன வெளிறின முட்டையள் தனித்தனியா ஒட்டியிருக்கும், அதையும் நசிச்சுவிடுங்கோ. புதுத்துளிர் வாற காலத்தில ரெண்டு நாளுக்கு ஒருக்கா பார்த்தாக் காணும்.